எங்க தாத்தா டிரம்

"ஏளா அனுஜா, மெள்ளச் சுரண்டு. அங்கன இருக்கது எங்க தாத்தா பேரு, தேங்கா இல்ல."

சொல்லிவிட்டு இன்பமணி சுற்றிலும் பார்த்தார். கோயில் பேண்டு செட் அறைக்குள் பாதி ஊர் நின்றது. மீதிப் பாதி ஜன்னலில் தொங்கியது.

நடுவே மேசையில் கிடந்தது, செட்டின் பழைய மரச் சைடு டிரம். மேல்தோல், அடித்தோல், அதை ஒட்டிச் சலசலக்கும் கம்பிகள், வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றி வெறும் உடம்பாக்கி வைத்திருந்தாள் அனுஜா. செட்டில் அதை வாசிப்பவள் அவள்தான். பெயின்ட் ரிமூவரைத் தடவுவதும், பொங்கி வருவதைத் தகட்டால் வழிப்பதுமாக இருந்தாள்.

பழைய பெயின்ட்டை எடுத்துவிட்டு மரத்துக்கு வார்னிஷ் அடித்தால் பக்கத்து ஊர் பெரியதாழை செட்டு டிரம் போலத் திருவிழாவுக்குப் பளபளவென்று இருக்குமே என்று அவள்தான் ஆரம்பித்தாள். "அப்படியே எங்க தாத்தா குடுத்ததுன்னு எழுதிரு" என்றார் இன்பமணி. "உம்ம தாத்தா எப்பவே குடுத்தாரு? அது எங்க தாத்தால்லா குடுத்தது" என்றார் செல்வதுரை. வழக்கு பங்குச்சாமியாரிடம் போனது. அவர் கெட்டிக்காரர். "சுரண்டிப் பாருங்க. அடியில எந்தக் குடும்பத்துப் பேரு இருக்கோ, அந்தக் குடும்பத்து ஆளு இந்த வருசம் மாலை போட்டுச் சப்பரத்துக்கு முன்னால நடக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிஷப்பைப் பார்க்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டார்.

மாலை போட்டு, சப்பரத்துக்கு முன்னால். இன்பமணிக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்து எத்தனையோ கப்பல்களை வரவேற்றவர். அவரைத்தான் இதுவரை யாரும் வரவேற்றதில்லை. வெள்ளை சூட் தைத்து வந்துவிட்டது. தைத்ததை ஏன் மடித்து வைக்க வேண்டும் என்று அதையே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அந்த ஊரில் கொடுப்பதும் பெயர் எழுதுவதும் ஒரே வேலை. பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடும் பலகையில்கூட 'உபயம்' என்று பெயர் போட்டிருக்கும். டிரம்முக்கு யார் புதுப் பெயின்ட் அடித்தாலும் முந்தைய பெயரை மூடி அடித்து, அதன் மேல் தன் பெயரை எழுதுவார்.

நீலம் வழிந்தது, அதோடு செல்வதுரையின் பெயரும் வழிந்தது. அடியில் பச்சை. 'உபயம்: இன்பமணி.' ஒரு பக்கம் கைதட்டல். பச்சை போனதும் சிவப்பு. செல்வதுரையின் அப்பா. மறுபக்கம் விசில். சிவப்புக்கு அடியில் வெள்ளை. இன்பமணியின் அப்பா. ஜன்னலில் தொங்கியவர்களில் ஒருவர் உற்சாகத்தில் கீழே விழுந்து, எழுந்து, மறுபடி தொங்கினார்.

"எல்லாம் மீன்பிடி போட்டுக்கு அடிக்க பெயின்ட்டு, மாமா" என்றாள் அனுஜா. "இத்தன வருசமா சத்தம் மந்தமா வந்தது தோலால இல்ல. உங்க ரெண்டு பேரு உபயத்தால."

"வாயடிக்காத. அடுத்தது தாத்தாதான்."

"யாரு தாத்தா?" செல்வதுரை முன்னால் வந்தார். "எங்க தாத்தா கொழும்புக்குத் தோணி விட்டவரு. அங்கன வெள்ளக்காரன் கடையில ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்து எடுத்தாந்தது இது."

"எங்க தாத்தா ஒரு ஆளுக்குச் சொல்லலவே. காலையில கோயிலத் தெறந்தா உள்ள டிரம் இருக்கு. வலது கை குடுக்கது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு நெனைக்க மனுசன்."

"பொறவு பேரு மட்டும் எதுக்குவே எழுதுனாரு?"

"இடது கைக்குத்தான் தெரியக் கூடாது. ஊருக்குத் தெரியலாம்லா."

அனுஜா தகட்டை ஓங்கி இழுத்தாள். வெள்ளை பாளமாக உரிந்தது. அடியில் வேறு பெயின்ட் இல்லை. மரம். தேன் நிறத்தில், சிவந்த ரேகைகள் ஓட, நேற்றுத்தான் இழைத்தது போல் இருந்தது. ஒரு நிமிடம் தாத்தாக்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"என்னா மரம்ளா இது" என்றார் செல்வதுரை, தன்னை மறந்து.

அவள் உப்புத்தாளை மடித்துத் தேய்த்தாள். "எழுத்து இருக்கு மாமா. பெயின்ட்டு இல்ல. கம்பியக் காய்ச்சி மரத்துலேயே எழுதியிருக்கு."

"பாத்தீராவே. அழியக் கூடாதுன்னு அப்படி எழுதியிருக்காரு. எங்க தாத்தாவேதான்" என்றார் இன்பமணி.

"எங்க தாத்தாதான்வே அப்படி எழுதுவாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையோடு தலை முட்டியது. வெள்ளை சூட்டின் கையில் நீலமும் பச்சையும் அப்பின. இன்பமணி கவனிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், அது மேலும் கலங்கியது.

"நீயே வாசிளா. சத்தமா வாசி. சன்னல்ல நிக்கவனுக்கும் கேக்கணும்."

அனுஜா டிரம்மை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மனதுக்குள் ஒருமுறை படித்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள்.

"'பெரியதாழைக் கோயில் சொத்து. வெளியூருக்குக் கொடுப்பதில்லை.'"

இன்பமணி நிமிர்ந்தார், சூட்டின் பொத்தானை மெதுவாகக் கழற்றினார். "அண்ணாச்சி, மூத்த குடும்பம் நீங்க. நான்தான் அறியாமப் பேசிட்டேன். இதக் கொண்டாந்தது சத்தியமா உங்க தாத்தாதான்."

செல்வதுரை இரண்டடி பின்வாங்கினார். "அப்படிச் சொல்லாதீக அண்ணாச்சி. எங்க தாத்தாவுக்கு ரெண்டு காதும் கேக்காது, டிரம்ம வச்சு அவுக என்ன செய்ய?"