ஒரே விலாசம்

"உங்க வீட்டுக்காரர் மூணு துறையில இருக்காரும்மா" என்றார் எழுத்தர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எந்தெந்தத் துறை என்று அவள் கேட்டாள்.

உடற்கூறியலில் தலையும் உடம்பும். எலும்பியலில் வலது கால். கண்கள் இரண்டும் கண் மருத்துவத்தில்.

இறந்தபின் உடலை இந்த மருத்துவக் கல்லூரிக்குத்தான் தர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபத்தில், வண்டி வந்த அன்று அவள் அறையைவிட்டு வெளியே வரவேயில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் எரித்துவிடுவோம் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று ஓடி வந்திருந்தாள்.

"இருந்த காலத்துல ஒரு கம்பெனியில நிலைச்சு நின்னதில்ல. இப்ப ஒரே நேரத்துல மூணு இடமா?"

எழுத்தர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்திருக்கக் கூடாது என்பதுபோல் இருமினார்.

"முகம் எங்க இருக்கோ அங்க அனுப்புங்க" என்றாள்.

"உடற்கூறியல், பின்கட்டடம்."

அனுமதிச் சீட்டுக்காக அவள் விலாசத்தைத் தட்டியவர் நிறுத்தினார்.

"இந்த விலாசத்துல இன்னொரு பதிவும் இருக்கேம்மா."

"இருக்காது. நல்லாப் பாருங்க."

இந்த வருடம்தான் உயிரியல் துறைகளையெல்லாம் மருத்துவக் கல்லூரியோடு இணைத்தார்களாம். சாலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த விலங்கியல், கருவியல் பதிவேடுகளும் இப்போது ஒரே கணினிக்குள் வந்துவிட்டன.

எழுத்தர் திரையைப் பார்த்துப் படித்தார்.

"கருவியல் காட்சியகம், முதல் மாடி. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஏழு மாசக் குறைப்பிரசவக் குழந்தை. பெண். கொடுத்தது உங்க வீட்டுக்காரர்தாம்மா, கையெழுத்து இருக்கு."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்னது இது. "போயிடுச்சு. நானே கொண்டுபோய்ப் புதைச்சுட்டேன். எங்கன்னு மட்டும் கேக்காத."

அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவுமில்லை.

"பொண்ணா?" என்றாள்.

எழுத்தர் அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"அதையும் பாக்கணும்னா தனியாப் போடணும். என்ன உறவுன்னு எழுதணும். என்னன்னு போடட்டும்மா?"