ச்சீ வந்த நேரம்

சலூன்காரர் இரண்டு கைகளையும் வளைத்துக் கட்டிப்பிடித்தபடி நின்றார். கைக்குள்தான் யாரும் இல்லை. தொடை தந்தியடித்தது. வியர்வை மூக்கு நுனிவரை வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

சீனத்துச் சண்டைக் கலையில் முதல் பாடமே சண்டை போடாமல் நிற்பதுதான். இல்லாத மரத்தை அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, முட்டியை லேசாக மடக்கி, கண்ணை மூடி நிற்கவேண்டும். மனசு அடங்கினால் காலில் ஜில்லென்று ஒரு சக்தி ஏறும், அதற்கு அவர்கள் பாஷையில் ‘ச்சீ’ என்று பெயர், அது ஏறிவிட்டால் கை மலை மாதிரி நிற்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டதிலிருந்து வீட்டுக்காரி, இவர் வாசல் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள்: “என்ன, இன்னிக்காவது ச்சீ வந்துச்சா, இல்ல நான் சொல்லட்டுமா?”

வந்தே ஆகவேண்டும். சவரக்கத்தியைப் பிடித்தாலே கை ஆடியது. போன வாரம் தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு புருவத்தோடு வந்து உட்கார்ந்து, ஒன்றோடு எழுந்து போனார். கடை முதலாளி சொந்த மச்சான்தான். ஆனாலும், நாளைக் காலை நடுக்கமில்லாமல் ஒரு சவரம் செய்து காட்டாவிட்டால் இனி முடி கூட்டுகிற வேலைதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். காலமெல்லாம் கத்தி பிடித்த கை, விளக்குமாறு பிடிப்பதா?

‘வந்துடு தாயே, இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்ல’ என்று உள்ளுக்குள் கெஞ்சினார். பயிற்சி நடக்கும் அந்தப் பழைய கிடங்கில், திறந்த கதவு வழியாக வந்த மழைச் சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லை.

திடீரென்று மாஸ்டர் குரல் கேட்டது. எப்போதும் அதட்டுகிறவர், இன்று பச்சைப்பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரிப் பேசினார்.

“அண்ணே, கண்ணத் திறக்காதீங்க. அசையாம அப்படியே இருங்க.”

பக்கத்தில் பயிற்சிக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கும் காலடி கேட்டது. நிற்கமுடியாமல் தோற்றுப் போகிறார்கள், பாவம் என்று சலூன்காரருக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தைவிடச் சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

அப்போதுதான் அது நடந்தது. இடது பாதத்தின் மேல் ஜில்லென்று ஏதோ படர்ந்தது. நிதானமாகக் கணுக்காலைச் சுற்றி, கெண்டைக்கால் வழியே முட்டி வரை ஏறி, அங்கேயே நின்றது.

சலூன்காரருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வந்த சக்தி பயந்து ஓடிவிடப் போகிறதே என்று மூச்சைக்கூட இரவல் வாங்கியதுபோல் விட்டார். அந்த நேரத்தில் பூகம்பமே வந்திருந்தாலும், அவரைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கும்.

சக்தி மெல்ல இறங்கி, வலது பாதத்தைத் தடவிக்கொண்டு நழுவிப் போனது.

கண்ணைத் திறந்து கைகளை நீட்டிப் பார்த்தார். இம்மி நடுக்கம் இல்லை. மற்றவர்களெல்லாம் சுவரோடு ஒட்டி, வாய் பிளந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாஸ்டர்,” நீட்டிய கைகளைக் கூப்பினார், “ச்சீ வந்துடுச்சு. முட்டி வரைக்கும் ஏறிட்டுப் போச்சு. என் பொழப்பு தப்பிச்சுது.”

மாஸ்டர் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ச்சீ இல்லண்ணே, பாம்பு.”