மூப்பர் சுமந்த சிலுவை

சபையின் வரலாற்றிலேயே தலையாய அறிவிப்பை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் செமிசி எழுந்து நின்று வெளியிட்டார்.

“ஆக்லாந்தில் ஆபரேஷன் முடிந்தது. வயிறு இனி கைப்பிடி அளவுதான். என் வீட்டில் இனிப் பன்றியும் வேகாது, தேங்காய்ப்பாலும் கொதிக்காது. இந்தச் சிலுவையை நாங்கள் சுமப்போம்!”

சபை கண்கலங்கியது.

மறுநாள் நலம் விசாரிக்க வந்த பக்கத்துவீட்டுத் தாலியா, பழக்கதோஷத்தில் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொட்டலங்கள் ஐந்தைக் கொண்டுவந்துவிட்டாள். வாசலில்தான் அவளுக்கு அறிவிப்பு நினைவுக்கு வந்தது.

“மன்னிச்சிருங்க மூப்பரே, திருப்பி எடுத்துட்டுப் போயிடுறேன்.”

“வந்த சாப்பாட்டத் திருப்பி அனுப்புறதா? சமோவாக்காரன் மானம் என்னாகுறது? கஷ்டத்தோட கஷ்டமா சாப்பிட்டுர்றேன், வை!”

அவர் மனைவி லாகி ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கண்ணை மூடி ஆசைதீர முகர்ந்துவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

நாலாவது பொட்டலத்தில் அவர் கைவைத்ததும் தாலியா பதறிப்போனாள்.

“ஐயோ, தையல் பிரிஞ்சிரப் போவுது! நீயாவது சொல்லேன்டி லாகி!”

லாகி தன் கிண்ணத்துச் சூப்பை மூன்றாவது கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள்.

“அவரு சாப்பிடட்டும்க்கா. ஆபரேஷன் எனக்கு.”