சாகுல் பாய் மேஜையில் ஒரு நீல விளக்கு

"பிராங்கிளின்! இது ஆபீஸா, ரேடியோ ரிப்பேர் கடையா?"

சாகுல் ஹமீது நாற்காலியில் இருந்தபடியே அதட்டினார். ஹாலின் அந்தக் கோடியில், கணக்குப் பார்க்கும் பிராங்கிளின் சால்டரிங் கம்பியைச் சட்டென்று கீழே வைத்தான். ஈயம் உருகிய புகை அவன் தலைக்கு மேல் சுருண்டு நின்றது.

"இதை எதுக்கு என் மேஜையில ஒட்டி வச்சிருக்க?"

மேஜை ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நீல விளக்கு. வாசலில் யாராவது வந்து நின்றால் அது எரியும். அதற்கென்று நிலைக்கதவில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தியிருந்தான்.

பிராங்கிளின் ஏதோ முணுமுணுத்தான்.

"வாயைத் தொறந்து சொல்லுடா! ஆள் வந்தா கூப்பிடப் போறான். எனக்கு எதுக்கு லைட்டு?"

அவன் வாசலில் நின்ற லோடுமேன்களைப் பார்த்தான். பிறகு வந்து, விளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே பேகம்பூர் தோல் மண்டி ஆபீசுக்கு ஒரு புது அமைதி வந்திருந்தது. கிரீச் கிரீச்சென்று உயிரை வாங்கிய மின்விசிறிகூட இப்போது மேகம் நகர்வது போலச் சுற்றியது. தெருவில் போகிற லாரி வேறு ஏதோ ஊரில் போவது போலிருந்தது. ஜன்னல் வழியே சிறுமலை மேல் பஞ்சு பஞ்சாக இறங்கும் மேகத்தைப் பார்த்தபடியே சாகுல் ஹமீது உட்கார்ந்திருப்பார். வயசாகி மனசு அடங்கினால் உலகமும் சத்தம் அடங்கிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். சுகமாக இருக்கும்.

மறுநாள் மதியமும் அப்படித்தான் மலையில் லயித்திருந்தார். அதே ஆபீசில் வேலை பார்க்கும் அக்கா மகள் இஃப்பத் ஓடிவந்து, முகத்துக்கு நேரே நின்று உரக்கச் சொன்னாள்.

"மாமா! நல்லுசாமி கோவிச்சுக்கிட்டுப் போறாரு!"

"எந்த நல்லுசாமி? இங்க யாரு வந்தா?"

"நெய்க்காரப்பட்டி லாரிக்காரரு மாமா. 'ஏனுங்க பாய், ஏனுங்க பாய்'னு வாசல்ல நின்னு எம்புட்டு நேரம் கூப்பிட்டாரு! நீங்க திரும்பவே இல்ல. நான் தொழுகைய முடிச்சு வாரதுக்குள்ள, 'இனி உங்க சரக்கு ஏத்தலைங்க'ன்னு மாடிப்படி எறங்கிட்டாரு. சாப்பிட்டு வந்த பிராங்கிளின் அண்ணன் பின்னாடியே ஓடியிருக்காரு."

"சும்மா சொல்லாத புள்ள. ஃபேனுக்கு எண்ணெய் போட்டதுல இருந்து இங்க ஈ பறந்தாக்கூட எனக்குக் கேக்கும்."

இஃப்பத் தயங்கினாள்.

"அதுக்கு யாருமே எண்ணெய் போடல மாமா. இப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருக்கு."

அவர் அண்ணாந்து பார்த்தார். எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். இறக்கைகள் நின்றன. மறுபடி போட்டார். சுற்றின. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான். பிராங்கிளின் அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு. மெல்லிசான சத்தம் மொதல்ல போயிருமாம், போறது நமக்கே தெரியாதாம். அதான் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து அந்த லைட்டச் செஞ்சாரு."

ஜன்னலுக்குக் கீழே, தெருவில், பிராங்கிளின் நல்லுசாமியின் கையைப் பிடித்து ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தான். நல்லுசாமி முறைப்பது தெரிந்தது. பிறகு தலையசைத்து, அவனோடு ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்தார்.

சாகுல் ஹமீது ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"நேத்து அம்புட்டுத் திட்டுனேனே, அப்பவாவது விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்ல அவன்?"

இஃப்பத் அவர் காதருகே குனிந்தாள்.

"உங்களுக்குக் கேக்கணும்னா கத்தித்தானே மாமா சொல்லணும்? வாசல்ல லோடுமேனுக அம்புட்டுப் பேரும் நின்னாங்க."