அவங்களே வண்டி அனுப்புவாங்க

"நீல கவுனா, வெள்ளையா?" இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள் ஓசெல்லா.

"நீலம். போட்டோவுல எடுப்பா இருக்கும்," என்றாள் அக்கா வெர்டெல். மிசிசிப்பியில் அவள் கவிதை தெரியாத கறுப்பர் வீடு கிடையாது.

"திரும்பி வர எப்படியும் நாலு நாள் ஆகும். எப்படிப் போவ?"

"கடைத்தெரு வரைக்கும் நடை. அப்புறம் அவங்களே வண்டி அனுப்புவாங்க. தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு."

"ராஜ மரியாதைதான் போ. தொப்பிக்கு எதுக்குக்கா இவ்வளவு நீள ஊசி?"

"அதுதாண்டி முக்கியம்."

சர்ச்சுக்குப் போகிற மிடுக்கோடு வெர்டெல் நடந்தாள். 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பலகை தொங்கிய கடைக்குள் போய், நடு நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டாள்.

காபி வரவில்லை. போலீஸ் வண்டி வந்தது.

ஸ்டேஷனில் போட்டோ எடுத்தார்கள். கைப்பையையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டார்கள். தொப்பியை யாரும் கவனிக்கவில்லை. போன மாதம் அடைத்த அதே அறையில் தள்ளிப் பூட்டினார்கள்.

உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள்.

"வந்துட்டியாக்கா? சுவத்துல கவிதையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டியே. இருந்த வரைக்கும் எங்களுக்கு மனப்பாடம். மீதி எங்கே?"

வெர்டெல் தொப்பியிலிருந்து ஊசியை உருவினாள்.