கட்டிலின் மறுபாதி

இந்திராணிக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து அவள் கணவர் வேலுச்சாமி கூடத்தில்தான் படுத்துக்கொள்கிறார். அவர் புரண்டால் கட்டில் அசையும். அசைந்தால் வலி அவள் காலில் இறங்கும். அப்படியே ஆறு வருடம் போய்விட்டது. "வலி முழுசாப் போகாதுக்கா, அதோட இருக்கப் பழகிக்கலாம்" என்று சொன்ன பிசியோதெரபி பெண், "உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டாள். கணவர் பக்கத்தில் நின்றதால், "மலைக்கோயில் படி ஏறோணும்" என்று சொல்லிவைத்தாள் இந்திராணி. அன்றிலிருந்து வலி வரும் முன்பே வேலையை நிறுத்தப் பழகினாள். காய் நறுக்கும்போது நடுவில் எழுந்து நடந்தாள். வலி ஏறினால் பல்லைக் கடிக்காமல் மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். தை மாதத்தில், ஏழு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, கோயில் படிகளை ஏறியும்விட்டாள். வேலுச்சாமி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னார். அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அவர் பாயை எடுக்கப் போனபோது, "ஏனுங்க, இன்னிக்கு இங்க படுங்க" என்றாள்.

"நான் புரண்டா உனக்கு வலிக்குமே."

"வலிக்கட்டுங்க. அதுக்குத்தான இத்தனையும் பழகுனேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கட்டிலின் ஓரத்தில் விறைப்பாகப் படுத்தார். கட்டில் அசைந்தது. வலி இடுப்பில் கிளம்பி முழங்காலைத் தொட்டது.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க" என்றாள். "எந்திரிச்சுப் போயிராதீங்க."