மாஸ்க் பதிந்த முகம்

அவர் மறுபடியும் மாஸ்கைப் பிடுங்கி எறிந்தார்.

கட்டிலின் தலைமாட்டில் இயந்திரம் கத்தியது. செலின் சிஸ்டர் ஓடி வந்து ஆக்சிஜன் மாஸ்கை எடுத்து மூக்கின் மேல் அழுத்தினாள். எண்பது வயதுக் கைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ, ஒரே தட்டு.

"இப்படியே பண்ணினா டியூப்தான் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாருங்கம்மா. கையைக் கட்டிரலாங்களா?"

கட்டிலோரம் நின்ற அவர் மனைவி, நழுவிய போர்வையை இழுத்துவிட்டாள்.

தொண்டையில் குழாய் இறங்கினால் இந்த வயதில் திரும்ப எடுப்பது சந்தேகம். காலையிலேயே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

கட்டிலில் அவர் மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். உதட்டோரம் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.

வானத்தில் மூச்சுவிடத் தெரிந்த மனுஷன். தரையில் திணறிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் விமானப்படைக் குவார்ட்டர்ஸ் பீரோவுக்குள் ஒரு படம் ஒட்டி வைத்திருந்தார். பத்திரிகையில் கத்தரித்தது. வெள்ளி உடுப்பில் வரிசையாக நின்று சிரிக்கும், முதன்முதலில் விண்வெளிக்குப் போன ஆட்கள்.

"யாருங்க இவங்க, அலுமினியக் குண்டா மாதிரி?"

"எங்காளுங்கதான். எல்லாம் பைலட்டு. நாங்க போடற உடுப்பையே கொஞ்சம் ஊதிப் போட்டிருக்கானுங்க."

அந்த வரிசையில் தானும் நிற்கலாம் என்று ஒரு வருஷம் நம்பினார். விண்வெளிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். காதில் ஏதோ சின்னக் கோளாறு என்று திருப்பி அனுப்பினார்கள். படத்தை மட்டும் அவர் கிழிக்கவே இல்லை.

அவளுக்கு வானமும் தெரியாது, விமானமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கும் அந்த முகம்தான்.

மூக்குத் தண்டிலிருந்து இரண்டு கன்னம் வழியாகத் தாடை வரை சிவப்பாக ஒரு முக்கோணம். பறக்கும்போது போடும் ஆக்சிஜன் மாஸ்க் பதிந்த தடம்.

அது மறையும்வரை அவள் எதுவும் கேட்கமாட்டாள். காபி டம்ளர் காலியாவதற்குள் மறைந்துவிடும். அதற்கப்புறம்தான் அவர் இறங்கி வந்ததாகக் கணக்கு.

தேர்விலிருந்து திரும்பிய அன்று முகத்தில் தடமே இல்லை. அன்றைக்குக் காபி அப்படியே இருந்தது.

சிஸ்டர் துணிப்பட்டையோடு வந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு ஏணி ஞாபகம் வந்தது.

குடும்பங்களை விமானம் பார்க்க அழைத்த ஒரு நாள். அவர் ஏறி உட்கார்ந்தார். ஏணியில் நின்ற ஆள் தோள் வாரை இழுத்துக் கட்டினான். காலைக் கட்டினான். மாஸ்கைத் தொடவில்லை. அதை அவரே மாட்டினார். ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். அந்த ஆள் ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

அதைப் போய் அடுத்தவன் மாட்டலாமா என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். அது அவங்கவங்க உசுரு புள்ள.

"சிஸ்டர், அதை இப்படிக் குடுங்க."

மாஸ்கை வாங்கினாள். அவர் முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை மடக்கிவிட்டாள்.

அவர் அதைப் பார்த்தார்.

கை மெதுவாக மேலே போனது. மூக்கில் பொருந்தியது. விரல்கள் ஓரத்தைத் தடவிக்கொண்டே போயின. கன்னம், தாடை, மறுபடி கன்னம். ஓரிடத்தில் நின்று அழுத்தின. காற்றுக் கசியும் சத்தம் அடங்கியது.

வாரை அவரே இழுத்தார்.

அவள் குனிந்தாள்.

"ஆக்சிஜன்?"

கட்டை விரல் உயர்ந்தது.

துணிப்பட்டையைச் சிஸ்டர் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் கொடுப்பதற்காக மாஸ்கைக் கழற்றினார்கள். உதட்டில் நீலம் இல்லை. அவர் கண்ணை மூடிக் கிடந்தார். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

மூக்கிலிருந்து தாடை வரை சிவப்பாக முக்கோணம்.

"ரொம்ப அழுந்திருச்சுங்கம்மா. மருந்து தடவி விடட்டுங்களா?"

"வேண்டாம் சிஸ்டர். தானாப் போகும்."

நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றினாள்.

எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.

காபியின் ஆவி அடங்குவதற்குள், இடது கன்னத்துக் கோடு லேசாக வெளுக்கத் தொடங்கியது.